ஓட்டின் அடியில் ஒரு வருஷம்

திசையன்விளையில் பஸ் மாறி இடையன்குடி போகிறவர்கள் பிஷப் கால்டுவெல் வாழ்ந்த வீட்டைப் பார்க்கப் போகிறார்கள். போகட்டும், பார்க்க வேண்டிய வீடுதான். 1841-ல் இந்தத் தேரிமண்ணுக்கு வந்த மனுஷர். 1856-ல் அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் அச்சேறியது. 33 வருஷம் கட்டி 1880-ல் முடித்த கோயிலுக்குள்ளேயே 1891-ல் அடக்கமானார். வீடு 2011-ல் அரசு நினைவு இல்லமானது. பெரிய மனிதர் குடியிருந்ததால் பிழைத்த பங்களா அது. பெரிய மனிதர் யாரும் இருந்திராத பங்களாக்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

எங்கள் பெரியப்பா வீடு அப்படி ஒன்று. தாத்தா கொழும்பில் கடை வைத்துச் சம்பாதித்து வந்து கட்டியது. அங்கே வெள்ளைக்காரத் துரைகளின் வீடுகளை வெளியே நின்று பார்த்தவர், ஊருக்கு வந்து தனக்கும் ஒன்று கட்டிக்கொண்டார். மாடி கிடையாது. மூன்று பக்கமும் வராந்தா, குட்டையான தடித்த தூண்கள், குனிந்து வருகிற ஓட்டுக்கூரை. என் இடம் மேற்கு வராந்தா. ஆடிக்காற்றில் தேரிமண் பறந்து வந்து முழங்கால் வரை படியும். ஆச்சி திட்டிக்கொண்டே பெருக்குவாள். தலைக்கு மேலே, எண்ணெய் தடவியது போல் கறுத்து வைரம் பாய்ந்த பனங்கைகள்.

கலிபோர்னியா பங்களாவின் படங்களை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதே குனிந்த கூரை, அதே தடித்த தூண், முன்னால் உட்கார இடம். வங்காளத்துக் குடிசையின் பேர் கும்பினிக்காரர் வாயில் பங்களாவாகி, இங்கிலாந்து போய், அமெரிக்கா போய், முதல் உலகப் போருக்குப் பிறகு ஆஸ்திரேலியத் தெருக்களையும் நிறைத்தது. அமெரிக்காவின் சியர்ஸ் கம்பெனி 1908 முதல் 1940 வரை, முழு வீட்டுக்கும் வேண்டிய மரத்தை, பின்னாளில் அறுத்து எண் போட்டே, ரயிலில் ஏற்றி விற்றது. இந்தப் பயணத்தை ஆந்தனி கிங் 1984-ல் ஒரு புத்தகமாகவே எழுதினார். அவரோடு எனக்கு ஒரு சின்ன வழக்கு உண்டு: பேர் வங்காளத்தது, சரி. ஆனால் எங்கள் ஊர் வராந்தாவில் உட்கார்ந்தவன் திண்ணையில் உட்கார்ந்து பழகியவன். அவனுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு என்ன வயசு என்பதில் தகராறு வந்தது. வரலாற்றுப் பேராசிரியரான என் நண்பர் ஒருநாள் கீழே விழுந்த ஓட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, 1865-லேயே கட்டியாச்சு” என்றார். தாத்தா பிறக்கவே இல்லை அப்போது!

ஓட்டை வாங்கி வெயிலில் சாய்த்துப் பிடித்தேன். கையை இழுக்கிற கனம். மேலே இரண்டு வாய்க்கால், ஓரத்தில் பக்கத்து ஓட்டைக் கவ்விக்கொள்ளப் பள்ளம், கீழே ரீப்பரில் மாட்டிக்கொள்ள மூக்கு. அடிப்பக்கம் ஆங்கிலத்தில் புடைப்பெழுத்து: பாசல் மிஷன் ஓட்டு ஆலை, 1865. அது மங்களூரில் முதல் ஆலை தொடங்கிய வருஷம். எத்தனையோ வருஷம் கழித்துச் சுட்ட ஓட்டிலும் அதையே பதித்தார்கள். நண்பர் கவனிக்காத இன்னொரு வரி ஓரத்தில், பாசி மூடிக் கிடந்தது. நகத்தால் சுரண்டினால் ‘காமன்வெல்த் டிரஸ்ட்’. முதல் உலகப் போரில் ஜெர்மானியத் தொடர்புள்ள சொத்தென்று மிஷன் ஆலைகளை ஆங்கிலேய அரசு எடுத்துக்கொண்டது. போர் முடிந்தபின் அவை காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போயின. ஆக, இந்த ஓடு 1919-க்கு முந்தியதாக இருக்க முடியாது. நண்பர் ஒத்துக்கொண்டார், அரை மனதாக.

அந்த ஓடுகளில் பாதி இப்போது இல்லை. முன்பக்க வராந்தாவை இடித்து கான்கிரீட் போட்டார்கள். கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்டுப் பூச்சு. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்டு உள்ளேயே அடைத்துவைக்கும். உவரிக் கடல் பக்கம்தான். இரண்டே மழையில் சுவர் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து உதிர்ந்தது. அதை மறைக்க பாத்ரூம் டைல்ஸ் ஒட்டினார் காண்டிராக்டர். ஓட்டைப் பற்றிக் கேட்டதற்கு, “இதுல என்ன இருக்கு அண்ணாச்சி, வெறும் ஓடுதான” என்றார்.

சட்டமும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறது. 1958-ஆம் வருஷத்து மத்தியச் சட்டப்படி புராதனச் சின்னமாக நூறு வயசு ஆகவேண்டும். இரண்டு போர்களுக்கு நடுவே கட்டிய வீடுகள் இப்போதுதான் ஒவ்வொன்றாக அந்த வயசைத் தொடுகின்றன, இடிபட்டுக்கொண்டே. தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையத்துக்கு 2012-ல் சட்டம் போட்டு, 2024-ல்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் 1989-லேயே சுமார் 800 வீடுகள் உள்ள பங்களாப் பகுதியை அப்படியே பாதுகாப்பில் வைத்துவிட்டார்கள். கடைக்காரனும் குமாஸ்தாவும் குடியிருந்த வீடுகள் அவை.

உங்கள் வீட்டு ஓட்டைப் பிரிக்கிற நாளில் ஒன்றை மட்டும் திருப்பிப் பாருங்கள். எழுத்தைப் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால், மேற்கு வராந்தாவை விட்டுவையுங்கள்.