ஏறும் சொல், இறங்கும் சொல்

மேல்நிலை வகுப்பை முடிக்கும் மாணவர்கள் எதிர்காலம் குறித்து என்னிடம் பேசும்போது மருத்துவம், பொறியியல், ஆசிரியப் பணி, காவல்துறை என வரிசை நீளும். மக்கள் தொடர்புப் பணியைப் பற்றிக் கேட்டவர் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர் தருமபுரி மாவட்டத்தில் அப்பணியிலேயே பல்லாண்டுகளாக நிலைத்திருக்கிறார். அவர் ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார் என்பதைவிட, ஏன் அதைவிட்டு விலகவில்லை என்பதே என்னைச் சிந்திக்க வைத்தது.

இப்பணி தருமபுரி மண்ணுக்குப் புதியதன்று. இவ்வூரின் பழம்பெயர் தகடூர். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, தொண்டைமானிடம் ஔவையாரைத் தூது அனுப்பினான். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமிதத்தோடு காட்ட, ஔவையார் அக்கருவிகளின் அழகை வியந்துரைத்தார். தம் அரசனின் வேல்களோ போரில் சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றும் சேர்த்துக்கொண்டார். புறநானூற்றின் 95ஆம் பாடல் இதனைக் கூறுகிறது. அவர் சொன்னதில் பொய் ஏதுமில்லை. கேட்டவனுக்குப் பொருள் விளங்காமலும் போயிருக்காது. வள்ளுவரும் தூதுக்கெனத் தனி அதிகாரமே வகுத்திருக்கிறார்.

இக்காலத்து மக்கள் தொடர்புக் கலையின் முன்னோடிகளுள் ஒருவர் அமெரிக்கரான ஐவி லீ. அவர் முதலில் செய்தியாளராக இருந்தவர். 1906 அக்டோபரில் அட்லாண்டிக் சிட்டி அருகே தொடர்வண்டி ஒன்று பாலத்திலிருந்து நீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். விபத்தை மூடி மறைப்பதே அன்றைய நிறுவனங்களின் வழக்கம். லீயின் அறிவுரைப்படி அந்த இருப்புப்பாதை நிறுவனம் நடந்ததைத் தானே எழுதிச் செய்தியாளர்களுக்கு வழங்கியது. அவர்களை விபத்து நடந்த இடத்திற்கும் அழைத்துச் சென்றது. ஆனால் அதே லீ, 1914இல் கொலராடோ சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தின்போது முதலாளிகள் தந்த தவறான தகவல்களை வெளியிட்டுக் கடுங்கண்டனத்திற்கு ஆளானார். ஒரே மனிதரின் வாழ்வில் இத்தொழிலின் இரு முகங்களையும் காண்கிறோம்.

நம் மாநிலத்தில் செய்தி மக்கள் தொடர்புத் துறைக்கு மாவட்டந்தோறும் அலுவலகம் உண்டு. ‘தமிழரசு’ இதழை வெளியிடுவதும் இத்துறையே. என் மாணவரின் வேலைநாள் நாளிதழ்களோடு தொடங்கும். மாவட்டம் பற்றிய செய்திகளைக் கத்தரித்து ஒட்டி ஆட்சியரின் பார்வைக்கு அனுப்புவார். பின்னர் விழாக்கள், ஆய்வுகள், முகாம்கள் என அலைச்சல். இரவில் செய்திக்குறிப்பு எழுதி முடித்தால்தான் வீடு. மறுநாள் அச்சாகும் செய்தியில் அவர் பெயர் இராது. ஒளிப்படத்திலும் அவர் இருப்பதில்லை. பெங்களூருவிலிருந்து ஒரு தனியார் நிறுவனம் கூடுதல் ஊதியத்திற்கு அழைத்தபோது வீட்டார் அனைவரும் போகச் சொன்னார்களாம். “விளம்பரம் எழுதும் வேலைதானே, எங்கே எழுதினால் என்ன?” என்று நண்பர்களும் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. புகழுரையை மட்டுமே எழுதுவதானால் ஊதியம் மிகுந்த இடமே மேல்.

அவரோடு ஒருமுறை வத்தல்மலைக்குச் சென்றேன். தருமபுரி நகரிலிருந்து புறப்பட்டு, இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் குளிர்ந்த காற்று முகத்தில் மோதும். மலையாளிப் பழங்குடியினர் வாழும் சிற்றூர்கள் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. காபியும் மிளகும் சாமையும் விளையும் நிலம். சாலை சீராவதற்கு முன்பு விளைபொருளைத் தலைச்சுமையாகக் கீழே இறக்கியவர்கள் இம்மக்கள்.

வாசலில் காபிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்த ஒரு வீட்டின் முன் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தனர். அரசின் உதவித் திட்டங்களையும் விண்ணப்பிக்கும் முறையையும் அவர் விளக்கினார். துண்டறிக்கையை அவர் வாசிக்கவில்லை; ஒவ்வொருவரிடமும் அவரவர்க்கு எது பொருந்தும் எனக் கேட்டுக் கேட்டுச் சொன்னார். எல்லாம் முடிந்ததும் கொட்டைகளைக் கையால் கிளறிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் நிமிர்ந்தார்.

“நீ சொன்னதெல்லாம் கேட்டோம் கண்ணு. நாங்க சொல்றத யாருகிட்ட சொல்லுவ?”

முதியோர் உதவித்தொகையை வாங்க அவர் மலையிறங்கி வங்கிக்குப் போகவேண்டும். ஒருநாள் முழுதும் போய்விடும், வண்டிக்கூலி வேறு. கைரேகை பதியவில்லையென்றால் மறுபடியும் வரச்சொல்வார்களாம். என் மாணவர் அன்று கொண்டுவந்த குறிப்பேட்டில் திட்டங்களைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. அந்த அம்மாவின் பேச்சு மூன்று பக்கத்திற்கு நீண்டது.

திரும்பும் வழியில், பெங்களூருக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன். “கீழிருந்து மேலே சொல்ல ஆள்கள் நிறைய இருக்கிறார்கள் ஐயா. மேலிருந்து கீழே கொண்டுவரத்தான் ஆள் குறைவு. இந்த வேலையில் இருந்தால் அந்த மூன்று பக்கத்தை ஆட்சியர் அலுவலகத்தில் நானே நேரில் கொடுக்கலாம்” என்றார். வளைவு ஒன்றில் வண்டி மெதுவாகத் திரும்பியது. அவர் வேறொன்றும் சொல்லவில்லை.

மூதாட்டியின் குறை உடனே தீர்ந்துவிடவில்லை. வங்கிக்கு ஒரு கடிதம் போனது. அங்கிருந்து ஒரு விளக்கம் வந்தது. மீண்டும் ஒரு கடிதம் போனது. சில வாரங்கள் கழித்துத் தொலைபேசியில் விசாரித்தபோது அவர் மலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். கூட்டமோ விழாவோ அன்று அங்கு ஏதுமில்லை.

“மனு எந்த மேசையில் இருக்கிறது என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு வருகிறேன் ஐயா.”