பொருத்துக் கூலி

தாராசுரத்தில் ஐராவதேசுவரர் கோயிலைத் தாண்டி நெசவாளர் தெருவுக்குள் போனால் முதலில் காதில் விழுவது தறிச் சத்தம். 2024 சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போன வீட்டில் மட்டும் தறி நின்றிருந்தது. குழித்தறியை ஒட்டிப் பாய் விரித்து, அதன்மேல் ஏழெட்டு அட்டைப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு படிக்கும் பையனுக்கு முதல் கேமிங் கணினி. பொருத்துவதற்குக் கும்பகோணத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். இருபது வருடத்துக்கு மேலாகக் கணினி பழுதுபார்ப்பவர், பையனுக்கு 'அண்ணன்'. அவருடைய வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத்தான் நான் போயிருந்தேன்.

மொத்தம் 40,000 ரூபாய். விடுமுறையில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்ப் பையன் சேர்த்தது பாதி, நெசவுக் கூலியிலிருந்து அப்பா கொடுத்தது பாதி. அந்தப் பணத்தை எங்கே போடுவது என்பதில் ஒரு மாதம் வாக்குவாதம் நடந்திருக்கிறது. பையன் ஆசைப்பட்டது வண்ண விளக்கு எரியும் கண்ணாடிக் கேபினெட்டுக்கும் பழைய கிராபிக்ஸ் கார்டுக்கும். அண்ணன் இரண்டையும் மறுத்துவிட்டார். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் கணினி ஓட்டித் தோண்டும் முறையைக் கைவிட்ட பிறகு, அதைத் தோண்டுவதற்காக இராப்பகலாக ஓடிய கார்டுகள் பழைய சந்தைக்கு வந்து குவிந்தன. துடைத்து வைத்தால் புதிது போலவே இருக்கும். "விசிறி எவ்வளவு ஓடிருக்குன்னு எப்படித் தம்பி கண்டுபிடிப்பே? மூணு மாசத்துல படுத்துட்டா யார்கிட்டப் போயி கேப்பே?" என்று அவர் கேட்டதற்குப் பையனிடம் பதில் இல்லை.

அதனால் கார்டே இல்லாத கணினி என்று முடிவானது. ரைசன் 5 5600ஜி என்ற பிராசசரில் ஆறு கோர்கள். படம் வரையும் பகுதியும் அதே சில்லுக்குள் இருக்கிறது. இதை அப்பாவுக்கு விளங்க வைக்க அண்ணன் வேறெங்கும் போகவில்லை. "நம்ம கோயில்ல காளையும் யானையும் ஒரே தலையில செதுக்கிருக்குல்ல? இப்படிப் பாத்தா காளை, அப்படிப் பாத்தா யானை. அது மாதிரிதாண்ணே இது." இரண்டாம் இராசராசன் காலத்துச் சிற்பி செய்த அந்தப் புடைப்புச் சிற்பத்தை அந்தத் தெருவில் அறியாதவர் இல்லை. அப்பா தலையாட்டினார்.

ஒற்றைத் தலைக்கு ஒரு குறையும் உண்டு. கிராபிக்ஸ் கார்டுக்குத் தனி நினைவகம் இருக்கும்; இதற்குக் கிடையாது. கணினியின் ராமிலிருந்துதான் கடன் வாங்க வேண்டும். அதனால் 16 ஜிபியை ஒரே குச்சியாக வாங்காமல் எட்டெட்டாக இரண்டு வாங்கி, இரண்டு வழியாகவும் தரவு போய்வரும்படி செருக வேண்டும். ஒன்றை மட்டும் போட்டால் விளையாட்டு திக்கித் திணறும். இதைக் கேட்டதும் அப்பா முந்திக்கொண்டார். "கோர்வைக்கு ரெண்டு ஆள் மாதிரி." உடலும் கரையும் வேறு நிறமாக நெய்யும் கோர்வைப் புடவையில் கரை நாடாவை வீச இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். சிறு வயதில் தன் தகப்பனாருக்குப் பக்கத்தில் அப்படி உட்கார்ந்தவர் அவர். மகனிடம் சௌராஷ்டிர மொழியில் ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள்.

அந்தத் தறியின் தலைமேல் ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. துளையிட்ட அட்டைகள் சரமாகத் தொங்குகின்றன. துளை இருக்கும் இடத்தில் ஊசி நுழைந்து, அந்தப் பாவு இழை மேலே எழும். துளை இல்லாவிட்டால் எழாது. ஒவ்வொரு ஊடைக்கும் ஓர் அட்டை. 1804-இல் பிரான்சின் ஜக்கார்டு உருவாக்கிய இந்த முறையைத்தான் சார்லஸ் பாபேஜ் தன் பகுப்பாய்வு எந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். ஏறத்தாழ 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்த ஜக்கார்டின் உருவப்படம் ஒன்று பாபேஜிடம் இருந்தது. கணினிக்குக் கட்டளை தரும் வழிகளில் ஒன்று தறியிலிருந்து வந்தது என்பதை அந்த வீட்டில் எவரும் வியப்பாகச் சொல்லவில்லை. நான் சொன்னபோது அப்பா அட்டைச் சரத்தை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தார், அவ்வளவுதான்.

வேலை தொடங்கியது. கேபினெட்டின் இரும்பைத் தொட்டுக் கையிலிருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் அண்ணன் மதர்போர்டை எடுத்தார். இந்தப் பிராசசருக்கு அடியில் 1,331 ஊசிகள். மூலையில் இருக்கும் தங்க முக்கோணத்தைப் போர்டின் முக்கோணத்தோடு சேர்த்து, நெம்புகோலைத் தூக்கி, சில்லை வைத்தார். அழுத்தவே இல்லை, தன் எடையிலேயே அது இறங்கி உட்கார்ந்தது. "இறங்கலைன்னா கை வைக்கக் கூடாது. எடுத்துட்டுத் திரும்பப் பாக்கணும்." ஊசி வளைந்து வரும் சில்லுகளை நிமிர்த்த அவர் பையில் காலி மெக்கானிக்கல் பென்சில் ஒன்று இருக்கிறது. ஈயக்குச்சி வரும் சிறு குழாயை ஊசியில் மாட்டி மெல்ல நிமிர்த்துவாராம்.

கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி மீது அவருக்கு இருக்கும் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது. கேபினெட்டில் மிச்சப்படுத்திய பணத்தை அதில் போட்டு 550 வாட், வெண்கல (Bronze) தரம் வாங்க வைத்திருந்தார். இப்போதைக்கு அவ்வளவு தேவையில்லை. பிராசசர் 65 வாட்தான். நாளைக்குக் கார்டு வாங்கும்போது இதை மாற்ற வேண்டியிருக்காது என்பது கணக்கு. எனக்கும் இதில் பட்ட அனுபவம் உண்டு. 2012-இல் நான் வாங்கிய மலிவான எஸ்.எம்.பி.எஸ். ஓர் ஐப்பசி இரவில் மின்சாரம் போய் வந்தபோது புகைந்து, போர்டையும் வன்தட்டையும் சேர்த்துக் கொண்டுபோனது. அதில் என் அம்மாவின் குரல் பதிவுகள் இருந்தன. முதல் கணினி வாங்குகிறவர் எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடிக்கலாம், இதில் மட்டும் கூடாது.

காலியாக இருந்த பின்பக்க ஓட்டைகளை வலை வைத்து அடைத்தார். டெல்டா வீடுகளில் பல்லியும் எறும்பும் சூடு தேடி உள்ளே போகும். பலகைமேல் பல்லி விழுந்து கருகிய எஸ்.எம்.பி.எஸ். எத்தனையோ பார்த்திருக்கிறாராம். பட்டு இழைத் தூசி விசிறியில் சுற்றிக்கொள்ளும் என்பதால் தரையில் வைக்காமல் ஸ்டூல்மேல் வைக்கச் சொன்னார்.

பகல் இரண்டு மணிக்கு எல்லாம் தயார். பையன் சுவிட்சில் கை வைத்தான். "இரு" என்று அண்ணன் சுவரிலிருந்த மூன்று ஓட்டைப் பிளக்கைச் சோதித்தார். எர்த் ஓட்டை இருந்தது. உள்ளே கம்பி இல்லை. எத்தனையோ பழைய வீடுகளில் இப்படித்தான். எர்த் இல்லாமல் ஓட்டினால் எஸ்.எம்.பி.எஸ்ஸின் வடிகட்டியிலிருந்து கசியும் மின்சாரம் இரும்புக் கூட்டில் நிற்கும். தொட்டால் சுர்ரென்று இழுக்கும். ஓடத்தான் ஓடும். பெரும்பாலானவர்கள் ஓட்டிக் காட்டிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். இவர் பெட்டியை மூடிவிட்டார். பையனின் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

மறுநாள் வயரிங் வேலை செய்பவரை வரவழைத்துக் கொல்லையில் குழி வெட்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த் இழுத்தார்கள். மாலை அண்ணன் மறுபடி வந்தார், நானும் போனேன். கணினி எழுந்தது. ராம் 2,400 வேகத்தில்தான் நின்றது. பயாசுக்குள் போய் ஒரே ஒரு அமைப்பை மாற்றியதும் வாங்கிய 3,200 வந்தது. இதைச் செய்யாமலே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் ஏராளம். பையன் வாலரண்ட் விளையாட்டைத் திறந்தான். தடங்கல் இல்லாமல் ஓடியது. அப்பா பின்னால் நின்று, கொஞ்ச நேரம் திரையையும் பிறகு மகனையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

2025-இன் கடைசியில், செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் உலகெங்கும் ராம் விலை ஏறியது. அன்று எழுதிய கணக்கு இன்று நிற்காது. நான் சொல்ல வந்ததும் விலைப்பட்டியல் அல்ல. அந்தக் காகிதத்தில் பிராசசர் முதல் மவுஸ் வரை எல்லாவற்றுக்கும் வரி இருந்தது. இரண்டு நாள் உழைத்த மனிதருக்கு ஒரு வரி இல்லை. பொருளை இணையத்தில் வாங்கிவிட்டு, "சும்மா மாட்டிக் கொடுங்க" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அண்ணனும் ஐந்நூறு போதும் என்றார். அப்பா கேட்கவில்லை. புடவைக்குக் கூலி பேசிப் பேசியே வயதானவர் அவர். காகிதத்தை வாங்கி, கடைசியில் 'பொருத்துக் கூலி 1,500' என்று தன் கையால் எழுதிப் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

முதல் கணினி பொருத்தப் போகிறவர்களுக்கு: பட்டியல் எழுத உட்காரும்போது அந்த வரியை முதலில் எழுதுங்கள். அடுத்த வரியில் எர்த்.