இனிஷியலை விரிச்சு எழுதுங்க தம்பி!

உங்க இனிஷியல் என்ன? யாராவது கேட்டா டக்குனு ஒரு எழுத்தைச் சொல்லிட்டுப் போயிடுவீங்கதானே? நானும் இருபது வருஷமா அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன். 2025 ஜூலையில, தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துல ஃபைலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தப்பதான், அந்த ஒத்தை எழுத்துக்கு முதல்முறையா வேர்த்துது!

சரி, எதுக்கு இப்ப பாஸ்போர்ட்? சத்தியமா காரணமே கிடையாது. ஹாஸ்டல் சீனியர் ஒருத்தர், 'ப்ளேஸ்மென்ட் ஃபார்ம்ல பாஸ்போர்ட் நம்பருக்கு ஒரு கட்டம் இருக்கும்டா. காலியா விட்டா அசிங்கமா இருக்கும்'னு கொளுத்திப் போட்டார். அவ்வளவுதான். கட்டத்தை நிரப்பக் கிளம்பிட்டேன்!

36 பக்க புத்தகம், பத்து வருஷத்துக்குச் செல்லும். நான் கட்டினது 1500 ரூபாய். அவசரம்னு தட்கல்ல போனா இன்னும் 2000 எக்ஸ்ட்ரா. எனக்கு என்ன அவசரம்? அமெரிக்க அதிபரா வெயிட் பண்றார்? 2018-லேர்ந்து இந்தியாவுல எந்த ஊர்ல இருந்தும் அப்ளை பண்ணலாம். ஆனா, ஃபார்ம்ல என்ன முகவரி கொடுக்குறீங்களோ, அங்கேதான் போலீஸ் விசாரணைக்கு வருவாங்க. ஹாஸ்டல்வாசிகளே, இது முக்கியம்! செமஸ்டர் லீவுல காலி ஹாஸ்டல் வாசல்ல போலீஸ் நின்னா நல்லாவா இருக்கும்? நான் பட்டுக்கோட்டை பக்கத்துல இருக்குற எங்க வீட்டு முகவரியையே கொடுத்தேன்.

அடுத்து சொல்றதைக் கேட்டு சிரிக்காதீங்க. ஜாவாவுல ப்ரோகிராம் எழுதுற நான், ஃபார்ம் நிரப்ப ஊர்ல இருக்குற ப்ரவுசிங் சென்டருக்குப் போனேன். அந்த அண்ணன் படபடனு தட்டி முடிச்சு ப்ரின்ட் எடுத்துக் கொடுத்துட்டார். நானும் படிச்சுப் பார்க்காம மடிச்சு வெச்சுக்கிட்டேன். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பம்!

அப்பாயின்ட்மென்ட் காலை பத்தே காலுக்கு. 'நானும் வர்றேன் தம்பி'னு விடியறதுக்கு முன்னாடியே வெள்ளைச் சட்டையோட தயாரா நின்னார் அப்பா. 'உள்ளே உங்களை விட மாட்டாங்கப்பா'ன்னேன். 'வெளியில நிக்கிறேன்'னார். மேல பேச முடியலை.

பட்டுக்கோட்டையில பஸ் ஏறினா ஒரத்தநாடு வழியா தஞ்சாவூர். வழியெல்லாம் தென்னந்தோப்பு. ஆனா, நல்லாப் பாருங்க... நெட்டை மரத்துக்கு நடுவுல பொடிசா நிறைய கன்னு நிக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலையில கஜா புயல் சாய்ச்ச மரங்களுக்குப் பதிலா வெச்சது அதெல்லாம். அப்ப நான் எட்டாவது. எங்க தோப்பும் போச்சு, ஓடும் பறந்துச்சு. டிரங்குப் பெட்டியில தண்ணி புகுந்து என் பிறப்புச் சான்றிதழ் கூழாயிடுச்சு. இப்ப பாஸ்போர்ட்டுக்காகத்தான் நகராட்சியில மனு போட்டு புது காப்பி வாங்கினோம். அந்தப் பெட்டியில தப்பிச்சது ஒண்ணே ஒண்ணு. ஓரம் கறுத்துப்போன அப்பாவோட பழைய பாஸ்போர்ட்.

ஒரத்தநாடு தாண்டினதும் அப்பா பேச ஆரம்பிச்சார். '2005-ல நீ பொறந்த கையோட அப்ளை பண்ணினேன். திருச்சிக்கு முதல் நாள் ராத்திரியே போயி ரோட்டோரம் துண்டை விரிச்சுப் படுத்து, விடிஞ்சதும் வரிசையில நின்னேன்' என்றார். அடுத்த வருஷம் குவைத். ஒன்பது வருஷம் கட்டட வேலை. சேர்த்த காசுதான் அந்தத் தோப்பு.

தஞ்சாவூர்ல புது ஆறு நுரைச்சுக்கிட்டு ஓடுது. ஜூன் 12-ம் தேதி மேட்டூர்ல திறந்த தண்ணி. அதை எட்டிப் பார்த்துட்டு, அப்பா சேவா கேந்திரத்துக்கு எதிர்ல ஒரு மரத்தடியில மஞ்சப்பையோட செட்டில் ஆகிட்டார். நான் உள்ளே போனேன்.

உள்ளே பேங்க் மாதிரி பளிச்சுனு இருக்கு. டோக்கன் கொடுப்பாங்க. ஏ, பி, சி-னு மூணு கட்டம். 'ஏ' கவுன்ட்டர்ல இருக்குறவங்க டிசிஎஸ் ஊழியர்கள். அவங்களே போட்டோ எடுத்து, கைரேகை பதிஞ்சு, பேப்பரை ஸ்கேன் பண்ணிடுவாங்க. 'பி'யில அரசு அதிகாரி சரி பார்ப்பார். 'சி'யில ஓகே சொல்வார். ஸ்க்ரீன்ல நம்ம டோக்கன் நம்பர் வந்தப்ப, வைவா பயம் மாதிரி வயித்துல ஒரு கலக்கல்!

'ஏ' கவுன்ட்டர் அக்கா ஸ்க்ரீனை என் பக்கம் திருப்பினாங்க. 'தம்பி, சர்நேம்ல ஒரே ஒரு எழுத்து இருக்கு?'

'அது என் இனிஷியல் மேடம்.'

'பாஸ்போர்ட்ல இனிஷியல் போடக் கூடாது. விரிச்சு எழுதணும். அப்பா பேருக்கு ஸ்பெல்லிங் என்ன?'

ஈஸியான கேள்விதானே? எனக்கு பதில் தெரியலை! அப்பா ஆதார்ல நடுவுல ஒரு எழுத்து கூட இருக்கு. என் புது பிறப்புச் சான்றிதழ்ல அது இல்லை. வாழ்க்கையில ஒரு தடவைகூட அப்பா பேரை நான் இங்கிலீஷ்ல முழுசா எழுதினது கிடையாது. 'சர்நேமை காலியா விட்டுடலாமா மேடம்?'னு கேட்டேன். விடலாமாம். ஆனா, விஷயம் இருக்கு. 2022 நவம்பர்ல, பாஸ்போர்ட்ல ஒத்தைப் பேரா இருந்தா டூரிஸ்ட், விசிட் விசாவுல அனுமதி இல்லைனு ஐக்கிய அரபு அமீரகம் சொல்ல, நம்ம ஊர் ஆளுங்க பலரும் ஆடிப் போயிட்டாங்க. இரண்டாவது பக்கத்துல அப்பா பேர் இருந்தா போதும்னு அப்புறம் விளக்கம் வந்தது. குடும்பப் பேர்னு ஒண்ணு இல்லாத நமக்குத்தான் இந்தத் தலைவலி எல்லாம்!

கை தானா அந்தக் கறுத்த பாஸ்போர்ட்டை எடுத்துச்சு. பிரிச்சேன். பிறப்புச் சான்றிதழ்ல இருந்த அதே ஸ்பெல்லிங்! அக்கா ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தா டைப் பண்ணினாங்க. ஒத்தை எழுத்து இருந்த இடத்துல அப்பா பேர் முழுசா வந்து உட்கார்ந்துச்சு.

பழைய பாஸ்போர்ட்டை மூடும்போது இன்னொண்ணும் கண்ணுல பட்டுச்சு. 'ஈ.சி.ஆர்' முத்திரை. பத்தாவது பாஸ் பண்ணாதவங்களுக்கு அது உண்டு. குவைத், சவுதி, மலேசியானு 18 நாடுகளுக்கு அவங்க வேலைக்குப் போகணும்னா, 1983-ம் வருஷச் சட்டப்படி அரசாங்கத்துகிட்ட தனி அனுமதி வாங்கணும். ஏமாத்தி கூட்டிட்டுப் போறவங்ககிட்ட இருந்து காப்பாத்தத்தான் அந்த ஏற்பாடு. அப்பா ஏழாவது. நான் 2021 பத்தாவது பேட்ச். பரீட்சையே எழுதாம, மார்க்கே இல்லாம 'தேர்ச்சி'னு சர்ட்டிஃபிகேட் வாங்கின கொரோனா கோஷ்டி! எல்லாரும் கிண்டல் பண்ற அந்தப் பேப்பரை நீட்டினதும் எனக்கு அந்த முத்திரை இல்லைனு ஆயிடுச்சு.

'பி' முடிஞ்சு, 'சி'யில இருந்த சார், 'எங்கே போகப் போறீங்க?'ன்னார். 'இன்னும் தெரியலை சார்.' சிரிச்சுக்கிட்டே அனுப்பிட்டார்.

வெளியில வந்தா அப்பா அதே மரத்தடியில. 'நடை சாத்துறதுக்குள்ள பெரிய கோயிலுக்குப் போயிட்டு வந்துடுவோம்'னு கூட்டிட்டுப் போனார். 1010-ல ராஜராஜன் கட்டி முடிச்ச கோயில். சுத்திலும் கல்வெட்டு. வெவ்வேறு ஊர்க் கோயில்கள்ல இருந்து வந்த 400 தளிச்சேரிப் பெண்களோட பேரையும், எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடுங்கறதையும் வரிசையா வெட்டி வெச்சிருக்காங்க. ஆயிரம் வருஷத்து அட்ரஸ் ப்ரூஃப் பாஸ்!

அப்பாகிட்ட அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கல்லையே பார்த்தார். 'குவைத்துல என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல தம்பி. 'ஹிந்தி'ம்பான். அப்படின்னா அவங்க பாஷையில இந்தியாக்காரன். என் பேரு பாஸ்போர்ட்லதான் இருந்துச்சு. பாஸ்போர்ட் முதலாளிகிட்ட இருந்துச்சு' என்றார் சாதாரணமா, பஸ் டைம் சொல்ற மாதிரி.

எனக்கு தொண்டை அடைச்சுது. 1967-ம் வருஷ பாஸ்போர்ட் சட்டப்படி அந்தப் புத்தகம் இந்திய அரசாங்கத்தோட சொத்து. முதலாளி பீரோவுல பூட்டி வைக்கிற பொருள் இல்லை. எனக்கு இப்ப தெரியும். அப்பாவுக்கு அப்ப யாரும் சொல்லலை. நாளைக்கு நீங்க எங்கே போனாலும் இதை மட்டும் மறந்துடாதீங்க.

அடுத்து போலீஸ் விசாரணை. அதுக்குனு தனியா கட்டணம் எதுவும் கிடையாது, பயப்படாதீங்க. எங்க தெருவுல போலீஸ் பைக் வந்து நின்னதும் பக்கத்து வீட்டு ஆயா, 'புள்ள என்ன தப்பு பண்ணுச்சு?'னு கத்தினதுல ஊரே கூடிடுச்சு. அது வேற கதை!

ஒரு சனிக்கிழமை ஸ்பீட் போஸ்ட்ல கவர் வந்துச்சு. அப்பா கை கழுவித் துடைச்சுட்டு வந்துதான் வாங்கினார். எங்கே போகப் போறேன், தெரியாது. போவேனானும் தெரியாது. அப்பா மட்டும் முதல் பக்கத்துல விரலை வெச்சு, சர்நேம் வரியை எழுத்துக் கூட்டிப் படிச்சார். ஒரு தடவைக்கு ரெண்டு தடவை. அப்புறம் சிரிச்சுக்கிட்டே சொன்னார்...

'வெளிநாட்டுல என் பேரைச் சொல்லித்தான் உன்னைக் கூப்பிடுவாங்க தம்பி. மறந்துடாம திரும்பிப் பாரு!'