காலிக் கூடும் தோட்டாதான்

"சார், வாரக் கடைசியில டார்கெட் ஷூட்டிங் போறது ஆயுதப் பயிற்சியில சேருமா?"

2018 ஜூலை. டாலஸுக்கு வடக்கே என் வக்கீல் அலுவலகத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டவர் கும்பகோணத்துக்காரர். ஊரைச் சொல்லலாம், பெயரைச் சொல்ல வேண்டாம் என்று சொல்லித்தான் இதை எழுத அனுமதி கொடுத்தார். மென்பொருள் சோதனை வேலை, எச்-1பி விசா. 2008 டிசம்பரில் தொடங்கிய கிரீன் கார்டு வரிசை பத்தாவது வருடத்தில் அவர் வாசலுக்கு வந்திருந்தது. ஐ-485 என்ற கடைசி விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தோம்.

அந்தப் படிவத்தில் பக்கம் பக்கமாக ஆம், இல்லை கேள்விகள் வரும். இனப்படுகொலை செய்தீர்களா, சித்திரவதை செய்தீர்களா, எந்த வகையிலாவது ஆயுதப் பயிற்சி பெற்றீர்களா என்றெல்லாம் கேட்பார்கள். நம்மவர்கள் எல்லாவற்றுக்கும் 'இல்லை'யைக் குறித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். இவர் ஒவ்வொன்றையும் படித்தார்.

"சேரும். 'ஆம்'னு போட்டு ஒரு வரி விளக்கம் எழுதிடலாம். ரேஞ்சுல வாடகைத் துப்பாக்கிதானே?"

"இல்ல சார். சொந்தத் துப்பாக்கி."

பேனாவை மூடினேன்.

மதுரையில் ஜூனியராக இருந்தபோது உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி வழக்குகளுக்கு சீனியர் பின்னால் கட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். அங்கே கணக்கு எளிது. உரிமம் இல்லை என்றால் துப்பாக்கி இல்லை. டெக்சாஸில் கணக்கே வேறு. கைத்துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க உரிமம் என்று ஒன்று கிடையாது. ஆனால் யார் தொடவே கூடாது என்று மத்தியச் சட்டம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. தண்டனை பெற்ற குற்றவாளி, போதைப்பொருள் பழக்கம் உள்ளவர், சட்டவிரோதமாகக் குடியேறியவர் என்று போகும் அந்தப் பட்டியலில், 1998இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, தற்காலிக விசாவில் உள்ளே வந்தவர்களும் இருக்கிறார்கள். எச்-1பி, மாணவர் விசா, அம்மா அப்பா வரும் பயணி விசா, எல்லாம் அதில் அடக்கம். மீறினால் அன்றைக்குப் பத்து வருடம் வரை சிறை. 2022இல் அதைப் பதினைந்தாக்கினார்கள். தண்டனை விழுந்தால் நாடுகடத்தல் தனி.

ரேஞ்சில் அரை மணி நேரம் வாடகைக்கு எடுத்துச் சுட்டாலும் சட்டத்தின் கண்ணில் அது 'வைத்திருந்தது'தான். பிறந்தநாளுக்குக் கும்பலாகப் போய்ச் சுட்டுவிட்டு முகநூலில் படம் போடும் நம் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், "சும்மா பயமுறுத்தாதீங்க அங்கிள்" என்பார்கள்.

கும்பகோணத்துக்காரர் பயப்படவில்லை. பர்சிலிருந்து எதையோ எடுத்து மேசையில் விரித்தார். நான்காக மடித்த நீளக் காகிதம், மடிப்புகளில் எழுத்து தேய்ந்திருந்தது. டெக்சாஸ் மாநில வேட்டை உரிமம்.

எழுந்து அவர் கையைக் குலுக்கலாம் போலிருந்தது. அந்தத் தடைக்குச் சட்டத்திலேயே ஒரு கதவு உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் தற்காலிக விசாக்காரரும் துப்பாக்கி வாங்கலாம், வைத்துக்கொள்ளலாம். வேட்டைக்குப் போயாக வேண்டும் என்றுகூட இல்லை. இருபத்தைந்து டாலர்தான். ரேஞ்சில் யாரோ சொல்லிக் கேட்டு, வேட்டைப் பாதுகாப்பு வகுப்பையும் முடித்து, 2016 அக்டோபரில் ஒழுங்காக வாங்கியிருந்தார். காகிதத்தின் ஓரத்தில் மானுக்கும் வான்கோழிக்கும் உரிய சீட்டுகள். சுட்டவுடன் கிழித்துப் பிராணியின் உடலில் கட்ட வேண்டும். எல்லாம் கிழிபடாமல் அப்படியே இருந்தன. முட்டைகூடச் சாப்பிடாத குடும்பம்.

பிறகுதான் தேதியைப் பார்த்தேன். டெக்சாஸ் வேட்டை உரிமத்தை எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31ஆம் தேதி செத்துவிடும். இது 2017 ஆகஸ்ட் 31 அன்று செத்திருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்தது 2018 ஜூலை. "ஒரு வருஷம்னா அடுத்த அக்டோபர் வரைக்கும்னு நினைச்சேன் சார். அப்புறம் மறந்தே போச்சு" என்றார்.

துப்பாக்கி வந்த கதையைக் கேட்டேன். 2017 பிப்ரவரியில் ஒரு கன் ஷோ. நம் ஊர்ப் பொருட்காட்சி மாதிரிதான். அனுமதிச் சீட்டு, பெரிய கூடம், வரிசை வரிசையாக மேசைகள். கத்தி, பழைய ராணுவச் சட்டை, நாணயம், உப்புக்கண்டம், நடுவில் துப்பாக்கிகள். சொந்தத் துப்பாக்கியை விற்க வருபவர்களும் உண்டு. வாசலிலேயே சோதித்து, சுட முடியாதபடி பிளாஸ்டிக் பட்டையால் கட்டிவிடுவார்கள். அவர்கள் குழாய் முனையில் விலைச் சீட்டைச் செருகிக்கொண்டு கூட்டத்துக்குள் நடப்பார்கள்.

முதலில் மேசை போட்டிருந்த ஒரு வியாபாரியிடம் போயிருக்கிறார். உரிமம் பெற்ற வியாபாரி கடையில் விற்றாலும் கண்காட்சியில் விற்றாலும் சட்டம் ஒன்றுதான். 4473 என்ற படிவம், அதன்பின் பின்னணிச் சோதனை. அந்நியர் என்று தெரிந்ததும் குடியேற்றப் பதிவுகளையும் தேடுவார்கள். பதில் 'தாமதம்' என்று வந்திருக்கிறது. மூன்று வேலை நாள் கழித்து ஊர்க்கோடியில் இருக்கும் கடைக்கு வாருங்கள் என்றார் வியாபாரி. திரும்பும்போது நடைபாதையில் ஒரு பெரியவர், கையில் அதே மாதிரி ஒன்பது மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி, விலையும் குறைவு. தனி ஆள் தனி ஆளுக்கு, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் டெக்சாஸில் படிவமும் இல்லை, சோதனையும் இல்லை. பெரியவர் ஓட்டுநர் உரிமத்தை மட்டும் காட்டச் சொல்லியிருக்கிறார். விசாக்காரர்களுக்குக் கொடுக்கும் அட்டையில் 'லிமிடெட் டெர்ம்' என்று அச்சிட்டிருக்கும். பெரியவர் கண்ணில் அது பட்டதோ இல்லையோ, பணத்தை எண்ணிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு வேட்டை உரிமம் உயிரோடு இருந்ததால் வாங்கியதில் தப்பில்லை. செப்டம்பர் 1 அன்று, அலமாரியில் இருந்தபடியே அந்தத் துப்பாக்கி குற்றமாகிவிட்டது.

"சரி, துப்பாக்கியை எடுத்துட்டா முடிஞ்சுதுல்ல?" என்றார்.

"தோட்டா எவ்வளவு இருக்கு?"

"வாங்கினது ஒண்ணும் இல்ல சார். நானே பண்ணிக்குவேன்."

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். காரேஜில் ஒரு பக்கம் மகளின் மிதிவண்டி, தோசை மாவு அரைக்கும் கிரைண்டர். இன்னொரு பக்கம் மர மேசையில் திருகி நிறுத்திய இரும்புக் கைநெம்பு. ரீலோடிங் என்றால் இதுதான். தோட்டா என்பது நான்கு பொருள் சேர்ந்தது. பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் பொறி கக்கும் ப்ரைமர், உள்ளே மருந்து, வாயில் ஈயக் குண்டு. சுட்டபின் மிஞ்சும் பித்தளையை ரேஞ்சுத் தரையிலிருந்து பொறுக்கி, கழுவி, நெம்பைக் கீழே இழுத்தால் பழைய ப்ரைமர் விழும், வீங்கிய கூடு அளவுக்கு வரும். புது ப்ரைமர், அளந்த மருந்து, குண்டு, கடைசியாக வாயை ஓர் இறுக்கு. மறுபடி தோட்டா. 2012 கடைசியில் சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த கொலைகளுக்குப் பிறகு சட்டம் இறுகப்போகிறது என்ற பீதியில் கடைகளில் தோட்டாவே கிடைக்காமல் போனதே, அப்போது இதில் இறங்கினவர்கள் பலர். அவர்களில் ஒருவர், குடியுரிமை பெற்ற ஆந்திர நண்பர், இவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

இவருக்குச் சுடுவதைவிட இதுதான் பிடித்திருந்தது என்று எனக்குப் பட்டது. அப்பாவுக்குக் கும்பகோணத்தில் தங்கப்பட்டறை. மருந்தை கிரெய்ன் கணக்கில் நிறுப்பார்கள். ஒரு கிரெய்ன் என்பது 65 மில்லிகிராம், குன்றிமணியில் ஏறக்குறையப் பாதி. மின்தராசு இருந்தும், சின்னக் கைத்தராசு ஒன்றில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் அவருக்கு. தெரியாமல் இரண்டு தடவை மருந்து விழுந்தால் துப்பாக்கியே வெடித்துக் கையைக் கொண்டுபோய்விடும். அதனால் ஐம்பது கூடுகளைத் தட்டில் நிறுத்தி, விளக்கைச் சாய்த்து, ஒவ்வொன்றின் உள்ளேயும் எட்டிப் பார்ப்பார். நோட்டுப் புத்தகத்தில் தேதிவாரியாக எடை, நீளம், சுட்டால் எங்கே போய்ப் பட்டது என்ற குறிப்பு. ஒரு கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு பிசகாத அந்த மனிதர்தான் ஆகஸ்ட் 31ஐக் கோட்டை விட்டிருந்தார்.

மேசைக்கு அடியில் மூன்று பெயிண்ட் வாளிகள். நிறையக் காலிப் பித்தளை.

"இதெல்லாம் வெறும் குப்பை சார். இதை நான் வச்சுக்கலாம்ல?"

ஒரு கூட்டை எடுத்தேன். சுண்டுவிரல் நுனியளவு, புகை படிந்து கருத்த வாய். மத்தியச் சட்டத்தில் 'அம்யூனிஷன்' என்ற சொல்லுக்கு வரையறை இருக்கிறது. முழுத் தோட்டா மட்டுமல்ல. கூடு, ப்ரைமர், குண்டு, மருந்து, தனித்தனியாக ஒவ்வொன்றும் அந்தச் சொல்லுக்குள் வரும். அதாவது என் கட்சிக்காரரின் காரேஜில் ஒரு துப்பாக்கி இல்லை, ஒரு துப்பாக்கியும் ஐந்தாறாயிரம் தோட்டாவும் இருந்தன, சட்டப்படி. இதைச் சொன்னபோதுதான் அவர் முதல்முறையாக உட்கார்ந்தார்.

"ராத்திரியோட ராத்திரியா ஏரியில கொண்டுபோய்ப் போட்டுடவா?"

வாசற்படியில் நின்றிருந்த அவர் மனைவி, "இப்பவே போட்டுட்டு வாங்க" என்றார். இருவரையும் அடக்கினேன். துப்பாக்கிக்குப் பத்து வருடம் என்றால், மத்திய விசாரணையைக் கெடுக்கச் சாட்சியத்தை அழித்ததற்கு இருபது வருடம் வரை போகும். ஏரி விலை அதிகம்.

செய்தது சாதாரண வேலை. மறுநாள் காலை ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய் மறுபடி இருபத்தைந்து டாலர் கட்டிப் புது வேட்டை உரிமம் வாங்கினார். ஆறு வாரம்தான் செல்லும். இருந்தாலும் அந்த நிமிடத்திலிருந்து கையில் இருப்பது சட்டப்படி இருப்பது. அந்த வாரத்திலேயே உரிமம் பெற்ற வியாபாரி ஒருவர் வந்து துப்பாக்கியை ரசீது கொடுத்து எடுத்துக்கொண்டார். நெம்பு, வாளிகள், மருந்து டப்பாக்கள் எல்லாம் ஆந்திர நண்பர் வீட்டுக்குப் போயின. பின்னே கிடந்த பத்து மாதத்தை மட்டும் எந்த உரிமமும் மூடாது.

ரேஞ்சுக்குக் கொண்டுபோன பை எது என்று கேட்டேன். சென்னைக்குப் போகும்போது தூக்கிக்கொண்டு போகும் அதே முதுகுப்பை! உதறிப் பார்த்தோம். பக்கப் பைக்குள்ளிருந்து இரண்டு கூடு விழுந்தது. பையின் மடிப்பில் ஒற்றைத் தோட்டாவோடு இந்திய விமான நிலையங்களில் மாட்டிக்கொண்ட வெளிநாட்டு நம்மவர்கள் எத்தனையோ பேர். தெரிந்து வைத்திருந்தால்தான் குற்றம் என்று சொல்லி உயர் நீதிமன்றங்கள் பல வழக்குகளை ரத்து செய்திருக்கின்றன. ரத்தாகும் வரை அலைவது யார்?

இனி படிவம். ஆயுதப் பயிற்சிக்கு 'ஆம்'. அதோடு போகவில்லை. கைதாகாவிட்டாலும், யாருக்கும் தெரியாவிட்டாலும், எப்போதாவது ஏதாவது குற்றம் செய்திருக்கிறீர்களா என்று அதே படிவம் கேட்கிறது. 'இல்லை' என்று எழுத நான் விடமாட்டேன். தெரிந்து எழுதும் பொய்க்கு அவரோடு நானும் உள்ளே போக வேண்டும். 'ஆம்' என்றால் அரசாங்கத்திடம் அவரே எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம். நான் கூட்டிக்கொண்ட குற்றவியல் வக்கீல், விண்ணப்பமே இப்போது வேண்டாம் என்றார். கிரீன் கார்டு வரிசையின் தேதி பின்னால் ஓடிவிட்டால் இன்னொரு பத்து வருடமா என்று நான் சண்டை போட்டேன். தண்டனை விழாதவரை இந்தக் குற்றம் கிரீன் கார்டைத் தானாகத் தடுக்காது என்பது என் வாதம். வழக்கு வந்தால் கிரீன் கார்டை வைத்து என்ன செய்வீர்கள் என்பது அவர் வாதம். மூன்று நாள் இப்படிப் போனது. கடைசியில் குற்றக் கேள்வியின் 'ஆம்', 'இல்லை' இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டு, அரசியல் சாசனத்தின் ஐந்தாம் திருத்தப்படி, வக்கீல் ஆலோசனையின் பேரில் பதில் சொல்ல மறுக்கிறார் என்று ஒற்றை வரியில் ஒரு தாளை இணைத்தோம். எனக்கு அதில் நிம்மதியே இல்லை. மௌனத்தையும் எதிராக எடுத்துக்கொள்ள அந்த அதிகாரிக்கு இடம் உண்டு.

2019 தொடக்கத்தில் நேர்காணல். வேலைவழி விண்ணப்பங்களுக்கு நேர்காணல் கட்டாயம் என்று 2017 அக்டோபரில்தான் கொண்டுவந்திருந்தார்கள். அதிகாரி அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். என்னைப் பார்த்தார். "என் ஆலோசனை" என்றேன். ஏதோ தட்டச்சு செய்தார். பிறகு ஆயுதப் பயிற்சி பற்றி நான்கைந்து கேள்வி, எந்த வகுப்பு, எத்தனை மணி நேரம் என்று. முதுகு வியர்த்து நாற்காலியோடு ஒட்டிக்கொண்டது எனக்கு. கட்சிக்காரர் சளைக்காமல் நிமிடக் கணக்குச் சொன்னார். மே மாதம் அட்டை வந்தது.

ஜூன் 21ஆம் தேதி அவரிடமிருந்து ஒரு செய்தி, ஏழெட்டு ஆச்சரியக்குறியோடு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் அன்று ரெஹைஃப் வழக்கில் தீர்ப்பு சொல்லியிருந்தது. ரெஹைஃப் ஃப்ளோரிடாவில் மாணவர் விசாவில் படித்தவர். மதிப்பெண் குறைந்ததால் கல்லூரி வெளியே அனுப்பிவிட்டது, விசாவும் போயிற்று. பிறகு ஒரு ரேஞ்சில் சுட்டதற்கும் தோட்டா வைத்திருந்ததற்கும் தண்டனை. தான் தடைப்பட்டியலில் உள்ள ஆள் என்பது அவருக்குத் தெரியும் என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று ஏழு நீதிபதிகள் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம்.

"சார், தெரியாம செஞ்சா குத்தம் இல்லையாமே! நாமளும் தப்பிச்சிருப்போம்ல?"

"தெரியணும்னு சொல்றது சட்டத்தை இல்ல. உங்க நிலையை. உங்களுக்கு எச்-1பின்னு உங்களுக்குத் தெரியாதா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு ஒரு கைகூப்பும் படம் வந்தது.

மத்தியக் குற்றத்துக்கு வழக்குப் போடக் காலக்கெடு ஐந்து வருடம். 2023 ஜூலையில் அது முடிந்தது. அந்த வாரம் மனைவியோடு ஒரு டப்பா கடலை மிட்டாய் கொண்டுவந்து கொடுத்தார். நிரந்தரக் குடியிருப்பாளருக்குத் தடை கிடையாது, மறுபடி ஆரம்பித்தாயிற்றா என்று கேட்டேன். அவர் சிரித்தார், மனைவி சிரிக்கவில்லை.

அன்று காரேஜில் கையில் எடுத்த பித்தளைக் கூடு ஒன்று என் சட்டைப் பையிலேயே வந்துவிட்டிருந்தது. நான் குடியுரிமை பெற்றவன், எனக்குத் தடையில்லை. மேசைமேல் பேனா ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன். வருகிற கட்சிக்காரர்கள் இது என்ன சார் என்று கையை நீட்டுவார்கள். முதலில் விசா என்ன என்று கேட்டுவிடுவேன்.