பூம்பாறையில் இரண்டு இரவுகள்

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் செல்லும் மலைச்சாலையில் ஏறத்தாழ 20 கி.மீ. கடந்ததும், வளைவொன்றில் மரங்கள் விலகிப் பூம்பாறை கண்ணில் படுகிறது. சரிவெங்கும் படிப்படியாக வெட்டிய வயல்கள். அவற்றில் காரட், உருளைக்கிழங்கு, பூண்டு. நடுவே ஒன்றையொன்று அணைத்து நிற்பன போன்ற வீடுகள். அவற்றினிடையே குழந்தை வேலப்பர் கோயில். இக்கோயிலின் திருவுருவத்தைப் போகர் சித்தர் நவபாடாணத்தால் செய்தார் என்பது இம்மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் மரபு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளையும் ஊர்களுள் இதுவும் ஒன்று. மலைக்கு வருவோர் சாலையோரம் நின்று இவ்வூரைப் பார்த்து, படம் பிடித்துக்கொண்டு போய்விடுவர். நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே கடந்து சென்றவர்தாம். 2020 அக்டோபரில்தான் இவ்வூரில் இரண்டு இரவுகள் தங்கும் பேறு நமக்கு வாய்த்தது. அந்த இடம் கிடைத்த வரலாற்றை வாசக அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

நம் பங்கில் ஒரு குடும்பம். அவ்வாண்டு ஜூலையில் அவ்வீட்டுப் பெரியவர் கொரோனா நோயால் இறந்தார். முகம் பார்க்கவும் இயலாமல், நால்வர் மட்டும் உடனிருக்க அடக்கம் முடிந்தது. அன்றிலிருந்து அவர் மனைவி வாய் திறந்து பேசவில்லை. கேட்டதற்குத் தலையசைப்பதோடு சரி. மகன், மருமகள், பேரக்குழந்தைகள் இருவர் என அனைவரும் ஆறு மாதங்களாக இரண்டறை வீட்டில் அடைபட்டிருந்தனர். தாயாரை ஒருமுறை மலைக்கு அழைத்துச் சென்றால் மனம் தெளியலாம் என்று மகன் எண்ணினார். ஆயினும் விடுதி அறையில் தங்க அவருக்குத் துணிவில்லை. நண்பர் ஒருவரின் வேனை வாங்கி, பின்னிருக்கைகளைக் கழற்றி, மெத்தை விரித்து, தண்ணீர்க் கேன்களையும் சிறிய அடுப்பையும் ஏற்றினார். "வண்டியே வீடாக இருந்துவிட்டால் யாரையும் தொட வேண்டாம், ஃபாதர்" என்றார். வேளாங்கண்ணிக்கு வேனில் போய், வழியில் மரத்தடியில் சமைத்துண்டு, வண்டியிலேயே உறங்கி வரும் நம் மக்களுக்கு இது புதிதன்று. சாமியும் உடன் வரவேண்டும் என்று அந்த அம்மா சைகையால் கேட்டார். மறுக்க நமக்கு மனம் வரவில்லை.

இதே எண்ணம் அந்நாட்களில் உலகெங்கும் பலருக்கு எழுந்தது. அமெரிக்காவில் படுக்கையும் சமையலறையும் அமைந்த வீட்டு வண்டிகள் 2021-ஆம் ஆண்டில் மட்டும் 6 இலட்சத்துக்கு மேல் தயாராகி விற்பனைக்குச் சென்றன. அங்கே இவ்வண்டிகளை நிறுத்தவென்றே தண்ணீரும் மின்சாரமும் தரும் முகாம்கள் உண்டு. எனினும் 2020-ஆம் ஆண்டு நோய் பரவத் தொடங்கியபோது அவற்றுள் பல மூடப்பட்டன. வண்டியையே வீடாகக் கொண்டவர்கள் நிறுத்த இடமின்றித் தவித்தனர். நம் அண்டை மாநிலமான கேரளம் 2021-இல் வீட்டு வண்டிச் சுற்றுலாவுக்கெனத் திட்டம் வகுத்து, 2022 பிப்ரவரியில் வாகமண்ணில் அதற்கான முதல் பூங்காவைத் திறந்தது. நாம் புறப்பட்ட அக்டோபரிலோ இவையொன்றும் இல்லை. வண்டி இருந்தது; அதை நிறுத்த இடம்தான் இல்லை.

2020 மார்ச் 25-இல் தொடங்கிய ஊரடங்கு படிப்படியாகத் தளர்ந்து, செப்டம்பர் முதல் தமிழ்நாட்டுக்குள் பயணம் செய்ய இ-பாஸ் வேண்டாம் என்றாயிற்று. ஆனால் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு ஆகிய மலைகளுக்குச் சுற்றுலா செல்வோர் மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெறவேண்டியிருந்தது. அதைப் பெற்றுக்கொண்டு மலையேறினோம். ஊருக்குள் வர அனுமதி இருந்தால் தங்கவும் இடம் இருக்கும் என்று எண்ணியது நம் பேதைமை.

முதலில் ஒரு விடுதியின் முற்றத்தில் நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டோம். அறை எடுத்தாலன்றி இயலாது என்றனர். வண்டிகள் நிறுத்துமிடத்தில் இரவு தங்கக்கூடாது என்றார் காவலர். ஏரியைக் கடந்து காட்டுச்சாலை ஓரம் ஒதுங்கினோம். வனக்காவலர் ஒருவர் வந்து, காட்டு நிலத்தில் அனுமதியின்றித் தங்குவதும் நெருப்பு மூட்டுவதும் குற்றம் என்று அமைதியாக எடுத்துரைத்தார். காட்டுமாடுகள் திரியும் இடம் அது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை அவர் நினைவூட்டினார். மறுமொழி கூற நம்மிடம் ஒன்றுமில்லை. வண்டியைத் திருப்பினோம்.

வழியில் தேநீர் அருந்த நின்றபோது ஓர் எண்ணம் தோன்றியது. கொடைக்கானல் என்னும் நகரமே நோய்க்கு அஞ்சி வந்தோர் கட்டியதன்றோ! மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன் குடும்பங்கள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தம்மவரைப் பறிகொடுத்து, 1845-இல் இம்மலையில் இரண்டு வீடுகளை எழுப்பினர். பின்னர் நம் இயேசு சபைக் குருக்களும் வந்தனர். 1860-களில் சலேத் மாதா ஆலயமும், 1895-இல் செண்பகனூர்க் குருமடமும் எழுந்தன. மோட்டார் சாலை இல்லாத அக்காலத்தில் வந்தவர்களை நாற்காலியில் அமர்த்தித் தோளில் சுமந்து மலையேறியவர் யார்? அவர்தம் பெயரை எந்தக் கல்லிலும் நாம் கண்டதில்லை. அடைக்கலம் தேடி வந்தவரின் கதையை நாம் அறிவோம். அடைக்கலம் தந்தவருக்கு என்ன அச்சம் இருந்தது என்று நாம் கேட்டதேயில்லை.

பொழுது சாயும் வேளையில் பூம்பாறையை அடைந்தோம். சாலையிலிருந்து சற்று இறங்கியதும் ஒரு வயல். அதனருகே காய்கறி மூட்டைகளை அடுக்கும் சமதளம். விவசாயி ஒருவர், அறுபது வயதைக் கடந்தவர், மண்வெட்டியோடு வந்து பத்தடி தள்ளி நின்றார். மகன் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு, "ஐயா, ரெண்டு ராத்திரி மட்டும் இந்த வண்டியை இங்கே நிறுத்திக்கலாமா?" என்று கேட்டார்.

பெரியவர் நம் வெள்ளை அங்கியைப் பார்த்துவிட்டு நம்மிடமே பேசினார். "இடத்துக்குப் பஞ்சமில்லை சாமி. எங்க அம்மாவுக்கு எண்பத்தஞ்சு வயசு. அவங்களுக்கு ஒண்ணுன்னா கொடைக்கானலுக்குத்தான் தூக்கிட்டு ஓடணும். ஊர்ல எல்லார் வீட்லயும் வயசானவங்க இருக்காங்க. கோவிச்சுக்காதீங்க."

மகன் மேலும் கெஞ்ச வாயெடுத்தார். அப்போது வேனுக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது. மூன்று மாதங்களாகப் பேசாதிருந்த அந்த அம்மாவின் குரல்! "அவர் சொல்றது சரிதான் தம்பி. உங்க அப்பா போன மாதிரி அவங்க அம்மா போகக்கூடாது. வண்டியைத் திருப்பு."

மகன் சக்கரத்தில் கைவைத்தபடி விம்மினார். பெரியவர் அசையாது நின்றார். அவர் கணவர் எப்படி இறந்தார், எப்போது இறந்தார் என்று கேட்டார். சொன்னோம். பிறகு மண்வெட்டியால் தரையில் ஒரு கோடு இழுத்தார். "இந்தக் கோட்டைத் தாண்டி நீங்க வரவேண்டாம், நாங்களும் வரமாட்டோம். ஊர்க் குழாய்ப் பக்கம் போகாதீங்க. தண்ணி நானே கொண்டுவந்து இங்க வைக்கிறேன். குப்பையை மூட்டை கட்டித் திரும்ப எடுத்துட்டுப் போயிருங்க. ஊர்ல நான் சொல்லிக்கிறேன்." சற்று நேரத்தில் இரண்டு குடம் தண்ணீர் கோட்டின் மேல் இருந்தது.

அன்றிரவுக் குளிர் எலும்பைத் துளைத்தது. கஞ்சி காய்ச்சிய பின், கரி கனன்றுகொண்டிருந்த சட்டியை மருமகள் வேனுக்குள் எடுத்து வைத்துக்கொண்டார். பிள்ளைகள் நடுங்கினர் என்பதே காரணம். கதவுகளை இறுக மூடினோம். முன்னிருக்கையில் இருந்த நாமும் இதமாக இருக்கிறதே என்று மகிழ்ந்து கண்ணயர்ந்தோம்.

கதவை யாரோ படபடவென்று தட்டினர். பெரியவர்! காட்டுமாடு வயலில் இறங்காமல் இரவுக் காவலுக்கு வந்தவர், வேனின் கண்ணாடியில் செந்நிற ஒளியைக் கண்டு ஓடிவந்திருக்கிறார். "கதவைத் திறங்க! கங்கை வெளியே எடுங்க! மூடின இடத்துல கரி வெச்சா காலைல யாரும் எழுந்திருக்க மாட்டீங்க!" என்று கூவினார். மகன் கதவைத் திறந்ததும் சட்டியைத் தாமே பிடித்து வெளியே இழுத்தார். பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பச் சொல்லி, அவர்கள் பேசக் கேட்டபின்னரே மூச்சுவிட்டார். கரியின் புகை கண்ணுக்குத் தெரியாது. அதன் நஞ்சுக்கு மணமுமில்லை. உறக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். படித்தவர்களாகிய நாம் இதை மறந்தோம். அவர் தம் வீட்டிலிருந்து இரண்டு கம்பளிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் இழுத்த கோடு அவர் காலடியில் அழிந்துகிடந்ததை மறுநாள் காலையில்தான் கண்டோம். அவர் அதை மீண்டும் இழுத்தார். நாமும் அதை மதித்தோம்.

அன்று பகலில் அவர் தாயார் தம் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். நம் வேனருகே அந்த அம்மா. இடையே முப்பது அடி. இருவரும் உரத்த குரலில், பிரசவங்களையும் பஞ்சங்களையும் போய்விட்ட கணவர்களையும் பற்றி மாலைவரை பேசினர். பிள்ளைகள் வரப்பில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தனர். நாம் மகனைப் பார்த்தோம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இடத்துக்கு வாடகை வேண்டாம் என்று பெரியவர் மறுத்தார். ஊரடங்கு நாட்களில் விற்க வழியின்றி வயலிலேயே வீணான காரட்டைப் பற்றி முன்னமே சொல்லியிருந்தார். ஆகவே இரண்டு மூட்டை காரட்டைச் சந்தை விலை கொடுத்து வாங்கினோம். பணத்தைக் கல்லின் கீழ் வைத்தோம். அவர் ஒரு பிடி பூண்டைக் கோட்டின் மேல் வைத்தார்.

மலையிறங்கிய பின் பதினான்கு நாட்கள் நமக்கு உறக்கமில்லை. நாம் அறியாமல் நோயை அவ்வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தோமோ என்னும் கவலை. அவர் கோட்டைத் தாண்டியது நம் பொருட்டன்றோ! பதினைந்தாம் நாள் தொலைபேசியில் அழைத்தோம். "அம்மா வயல்ல களை எடுக்குறாங்க சாமி. உங்க அம்மா பேசுறாங்களா?" என்று கேட்டார். பேசுகிறார்கள் என்றோம்.

2021 ஏப்ரல் 20 முதல், இரண்டாம் அலையில், மலைகளுக்குச் சுற்றுலா செல்லத் தடை வந்தபோது நம் பங்கில் சிலர் குறைபட்டுக்கொண்டனர். நாம் குறைபடவில்லை. நோய் தணிந்த பின்னும், கூட்டத்தின் சுமை தாளாமல் உயர்நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை மீண்டும் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் நாளொன்றுக்கு 4,000 வண்டிகளும், வார இறுதியில் 6,000 வண்டிகளும் என வரம்பு குறித்தனர். மலைக்கும் ஓர் அளவு உண்டு. அதில் வாழ்வோருக்கும் அச்சங்கள் உண்டு.

ஆகவே, குடும்பத்தோடு வண்டியில் மலைக்குச் செல்லும் அன்பர்களே, புறப்படுமுன் தங்குமிடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். காட்டிலும் சாலை வளைவிலும் நிறுத்தாதீர்கள். தனியார் நிலமெனில் உரியவரைக் கேளுங்கள். அவர் மறுத்தால் அம்மறுப்பின் பின்னால் ஒரு முதிய தாய் இருக்கலாம் என்பதை எண்ணுங்கள். கரியோ அடுப்போ எரியும் வண்டியில் கதவை மூடி ஒருநாளும் உறங்காதீர்கள். நீங்கள் கொண்டுசென்ற குப்பை உங்களோடு திரும்பட்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை நாம் பூம்பாறை செல்கிறோம். வேனில் அந்த அம்மாவும் வருகிறார். சமதளத்தை அடைந்ததும், கோடு ஏதும் இல்லாத அந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, முதலில் குரல் கொடுத்துக் கேட்கிறோம்.