பாக்கெட்டை வாங்குபவர் கணக்கு

‘மேஜிக்: தி கேதரிங்’ அட்டை விளையாட்டை ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கினார், விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் 1993ல் வெளியிட்டது. அதன் விதிகள் அருமையானவை. ஆனால் பணம் கொட்டியது அதை விற்ற முறையால்தான். சாதாரணச் சீட்டுக்கட்டு வாங்கினால் 52 சீட்டும் கைக்கு வந்துவிடும். இங்கே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே அட்டைகள் கொண்ட பூஸ்டர் பாக்கெட்டை வாங்க வேண்டும். பேஸ்பால் வீரர் பட அட்டைகளும் அப்படி விற்கப்பட்டவைதான். ஆனால் அவை சேர்த்துவைக்க மட்டுமே, இவை ஆடி ஜெயிக்கத் தேவைப்படுபவை. எல்லா அட்டைக்கும் அச்சுச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். எதைக் குறைவாகப் போடுவது என்ற தீர்மானத்தில்தான் விலை பிறக்கிறது. 2008ல் வந்த ‘ஷார்ட்ஸ் ஆஃப் அலாரா’ தொகுப்பில் ‘ரேர்’ எனும் அரிய அட்டைகளுக்கும் மேலே ‘மிதிக் ரேர்’ என்று ஒரு புதிய படியைச் சேர்த்தார்கள். அதில் 53 ரேர், 15 மிதிக். குறிப்பிட்ட ஒரு மிதிக் அட்டை கிடைக்கச் சராசரியாக 121 பாக்கெட் பிரிக்க வேண்டியிருந்தது. அப்போது ஒரு பெட்டியில் 36 பாக்கெட் இருந்தன. மூன்று பெட்டி பிரித்தும் அந்த ஒன்று வராமல் போயிருக்கலாம்.

கடைக்காரரைக் குறை சொல்லும் முன் அவர் நிலையையும் பார்க்க வேண்டும். அதே பெட்டி இணையத்தில் தள்ளுபடியில் கிடைப்பதால், பாக்கெட் விற்பனையில் அவருக்கு மிஞ்சுவது சொற்பம். கண்ணாடிப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறையில் நிற்கும் தனி அட்டைகள்தான் கைகொடுக்கின்றன. பிரித்தவர்களிடம் அவற்றைச் சந்தை விலைக்குக் கீழே வாங்கி, தேடி வருபவருக்கு முழு விலைக்கு விற்கிறார். ஒரு பெட்டியின் அட்டைகள் தனித்தனியே பெட்டி விலையைவிட நல்ல லாபத்துக்குப் போகுமென்றால், கடைகளே பெட்டிகளைப் பிரித்து விற்கும்; சந்தையில் அட்டை பெருகி விலை இறங்கும். ஆகவே தாராளமாகக் கிடைக்கும் பெட்டியில், தொடர்ந்து பிரிப்பவர் சராசரியில் நஷ்டப்படுவது தற்செயல் அல்ல.

வாங்கியவருக்குச் சொன்னபடி அட்டைகள் கிடைத்துவிட்டன, பிறகென்ன குறை என்று கேட்கலாம். அட்டை நிறுவனங்கள்மீது சூதாட்டக் குற்றம் சாட்டிய வழக்கில், 2002ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றும் ஏறக்குறைய அப்படித்தான் சொன்னது. சட்டப்படி அது சரியாக இருக்கட்டும். ஆனால் அட்டையின் மறுவிற்பனை மதிப்பு நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று நான் ஒப்ப மாட்டேன். சேகரிப்பாளர்களின் மனத்தாங்கலுக்குப் பிறகு, சில பழைய அட்டைகளை இனி அச்சிடமாட்டோம் என்று 1996ல் வாக்குக் கொடுத்தது விசர்ட்ஸ் நிறுவனம்தான். முப்பதாம் ஆண்டையொட்டி 2022ல் நான்கு பாக்கெட்டை, அதாவது 60 அட்டையை, 999 டாலருக்கு விற்றதும் அதுவே. அந்த அட்டைகளை அதிகாரபூர்வப் போட்டிகளில் ஆடக்கூட முடியாது. ‘பிரிக்கும் சந்தோஷத்துக்கும் விலை உண்டு’ என்ற வாதம் ‘சொன்னபடி கிடைத்துவிட்டது’ என்பதைவிட வலுவானது. நண்பர்கள் கூடி, பாக்கெட் பிரித்து, அட்டைகளைக் கைமாற்றித் தேர்ந்து ஆடும் ‘டிராஃப்ட்’ ஆட்டத்தில் அந்தக் காசு வீணாவதில்லை. ஒரு மாலைப் பொழுதே கிடைக்கிறது. அதற்காகப் பிரியுங்கள். குறிப்பிட்ட அட்டை வேண்டுமென்றால் கடைக்காரரிடம் கேட்டு அதை மட்டும் வாங்குங்கள். பிள்ளைகளுக்குப் பாக்கெட் வாங்கித் தரும்போதும் இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுங்கள்.