சட்டையில் குத்திய சிறு பேட்ஜ்

சென்ற தவக்காலத்தில் எனக்குச் சிறுநீரகக் கல் உபாதை கண்டது. வலி பொறுக்கமாட்டாமல் ஒரே மாதத்தில் மூன்று மருத்துவமனைகளின் படியேறினேன். முதல் இடத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டாம் இடத்தில் அப்படத்தை உறையிலிருந்து வெளியே எடுத்துப் பார்க்கவும் மனமின்றி மறுபடியும் எடுத்தார்கள். மூன்றாம் இடத்திலும் மேசைமேல் படுக்க வைத்தார்கள். அப்போதுதான் படமெடுக்கும் இளைஞரின் சட்டையில் குத்தியிருந்த சிறு பேட்ஜ் கண்ணிற்பட்டது.

"இது என்ன, தம்பி?"

"கதிர்வீச்சை அளப்பது, ஃபாதர். மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவோம். என் உடம்பில் எவ்வளவு பட்டதென்று கணக்கு வந்துவிடும்."

"என் உடம்பில் பட்டதற்குக் கணக்கு?"

அவர் தயங்கினார். பிறகு, "முன்பு எடுத்த படம் இருக்கிறதா, ஃபாதர்? டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறேன்" என்று உறையை வாங்கிச் சென்றார். மருத்துவர் பார்த்துவிட்டு, ஸ்கேன் வேண்டாம், கதிர்வீச்சே இல்லாத அல்ட்ராசவுண்ட் போதும் என்றார்.

கல்லைக் காட்டிலும் அக்கேள்வியே என்னை நெடுநாள் உறுத்தியது. தெரிந்தவர்களிடம் விசாரித்தேன், சில நூல்களையும் புரட்டினேன். ராண்ட்ஜன் 1895-இல் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த புதிதில், அதனோடு பழகியோர் தம் கையையே குழாயின் முன் நீட்டிச் சோதித்தனராம். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி அவ்வாறே புற்றுநோய் கண்டு 1904-இல் மடிந்தார். இத்தகைய துயரங்களிலிருந்தே பணியாளருக்குப் பாதுகாப்பும் உச்சவரம்பும் பிறந்தன. இன்று அது ஆண்டுக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட்.

நோயாளிக்கோ உச்சவரம்பே கிடையாது. இது அநீதி என்றே முதலில் எண்ணினேன். அன்று, வரம்பு வைத்தால், உயிர் காக்கும் படத்தையும் அது தடுத்துவிடும் அல்லவா? ஆகவே, 'இப்படம் தேவைதானா? தேவையெனில் எவ்வளவு குறைவான கதிரில் எடுக்கலாம்?' என்னும் இரு கேள்விகளே நமக்குக் காவல். சி.டி. இயந்திரம் தான் செலுத்திய அளவைத் தானே பதிந்து வைக்கிறது. பிரிட்டன் போன்ற நாடுகளில் மருத்துவமனைகள் இந்த எண்களைத் திரட்டி, நாட்டிற்கென வகுத்த ஒப்பீட்டு அளவோடு பொருத்திப் பார்க்கின்றன; மிகுந்திருந்தால் காரணம் தேடுகின்றன.

மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் மனிதர் ஓராண்டில் இயல்பாகப் பெறுவது உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். வயிற்றுக்கு எடுக்கும் ஒரு சி.டி. ஸ்கேனில் ஏறத்தாழ 8 முதல் 10 வரை. மார்பு எக்ஸ்ரேயில் 0.1 அல்லது அதற்கும் குறைவு. இதைப் படித்துவிட்டு எவரும் எக்ஸ்ரேக்கு அஞ்சி ஓட வேண்டாம். மூன்று வாரம் இருமிய எங்கள் உபதேசியாரைப் படமெடுக்க விரட்டியவனும் நானே!

குழந்தைகளின் காரியம் வேறு. வளரும் உடலைக் கதிர் எளிதில் தாக்கும். பெரியவர்க்குரிய அளவையே அவர்களுக்கும் வைப்பது தவறு. கருவுற்ற தாய்மார் அதை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

எங்கள் பங்கில் இளைப்பு நோயுள்ள சிறுவன் ஒருவன் உண்டு. அவன் தாய் அதிகம் படித்தவரல்லர். மகனுக்கு எடுத்த படங்களையெல்லாம் தேதியும் இடமும் எழுதி, மஞ்சள் பையொன்றில் பத்திரப்படுத்தியிருக்கிறார். சென்ற மாதம் புதிய மருத்துவர் ஒருவர் மறுபடியும் படம் கேட்டபோது, அம்மா ஒன்றும் பேசாமல் பையை அவர் மேசைமேல் வைத்தாராம். மருத்துவர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டார்.